சுவரின் கனம்

பந்தல்குடியில் என் நண்பர் ஒருவர் தம் வீட்டுக்கு அடியில் நிலவறை ஒன்று தோண்டப் போகிறார். மகன் அதற்குள் உட்கார்ந்து நாகஸ்வரம் சாதகம் செய்யவேண்டும். வாசிப்பது தெருவில் கேட்கக் கூடாது. நண்பர் பள்ளி ஆசிரியர். சேமிப்பையும் ஒரு கடனையும் சேர்த்து இந்தக் குழிக்குள் போடுவதாக இருக்கிறார். என்னிடம் அபிப்ராயம் கேட்டார். 'நல்ல காரியம், கட்டுங்கள்' என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் அந்தப் பதிலில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அதைத் திருத்திக்கொள்ளும் முயற்சி இது.

முதலில் ஸ்தூலமான விஷயங்கள். நம்மில் பலர் அருவமான கேள்விகளுக்குத் தாவும் அவசரத்தில் செங்கல்லையும் சாந்தையும் மறந்துவிடுகிறோம். இந்த விஷயத்தில் செங்கல்லே பாதி சிந்தனையைச் செய்துவிடுகிறது.

ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டினால் போதும் என்று நண்பரின் கொத்தனார் சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லோரும் நம்புவது இதைத்தான். கம்பளம், பஞ்சு மாதிரியானவை, ஒலி சுவரில் மோதி அறைக்குள்ளேயே திரும்புவதைக் குறைக்கும். முட்டைத் தட்டு அதைக்கூட அரைகுறையாகத்தான் செய்யும். வெளியே போவதை இவை எதுவும் நிறுத்தாது. அதை நிறுத்துவது கனம். சுவரின் எடை இரண்டு மடங்கானால் அது தடுக்கும் ஒலி ஏறக்குறைய ஐந்தாறு டெசிபல் கூடுகிறது. இரு புறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கனத்தை ஏற்றிக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. அறைக்குள் இன்னொரு அறை கட்டவேண்டும். உள்ளறை வெளியறையைத் தொடக் கூடாது. தரையும் ரப்பர் மேல் உட்காரவேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவே தவறி விழுந்து இறுகிய ஒரு சாந்துக் கட்டி போதும், ஒலி அதன்மேல் நடந்து வந்துவிடும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி மலையாகவே இருந்தாலும், மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவின் அடியில் இருக்கும் இடுக்கு லட்ச ரூபாய்ச் சுவரைத் தோற்கடித்துவிடும்.

இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டால் வேறு பிரச்னை. நாகஸ்வரம் மூச்சில் பிழைக்கும் வாத்தியம். அடைத்த அறையில் ஒரு பையன் நாலு மணி நேரம் ஊதினால் காற்று கெட்டுப்போகும். காற்றுக்கு வழி விட்டால் அந்த வழியிலேயே ஒலியும் வரும். இதற்கு ஒரு உபாயம் உண்டு. காற்றுக் குழாயை நேராக விடாமல் இரண்டு மூன்று திருப்பம் கொடுத்து, உட்புறம் பஞ்சு வைத்து நீளமாகக் கொண்டுபோவது. காற்று திரும்பித் திரும்பி வந்துவிடும். ஒலி ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் இழக்கும். ஆனால் எந்த உபாயத்திலும் முழுக்க மூடிய அறை என்பது உயிருள்ளவனுக்குக் கிடையாது.

கரிசல் மண் தன் பங்குக்கு ஒரு சங்கடம் வைத்திருக்கிறது. மழை குடித்தால் வீங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் வீங்கிச் சுருங்கும் மண்ணுக்குள் நிற்கும் சுவரைப் பக்கவாட்டிலிருந்து யாரோ தள்ளிக்கொண்டே இருப்பதுபோல. தெருவுக்குத் தெரியாமல் அறை கட்டலாம். மண்ணுக்குத் தெரியாமல் கட்ட முடியாது.

இத்தனை சிரமம் எதற்கு? நண்பரை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் நூற்பாலைத் தொழிலாளி. ராத்திரி ஷிப்டு முடிந்து காலை ஒன்பது மணிக்குப் படுப்பவர். பையன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு நாகஸ்வரமே கதியென்று இருப்பதால் முற்பகல் முழுக்கச் சாதகம். அவர் ஒருநாள் வாசலில் வந்து தயங்கி நின்றிருக்கிறார். "தப்பா எடுத்துக்கிடாதீக அண்ணாச்சி. தம்பி வாசிக்கிறது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தூக்கம் பத்தாம மிசின்ல கை போயிருமோன்னு பயமா இருக்கு."

இன்னொருவர் வாசலுக்கு வரவில்லை. டீக்கடையில், நண்பர் காதில் விழும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "விடிஞ்சா எழவு வீட்டுச் சத்தம். வாத்தியார் வேலை பாத்து வீடு கட்டினாலும் பழைய தொழில் போகுதா பாரு."

நண்பரின் தகப்பனார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வாசித்தவர். சாவுக்கும் வாசித்தவர். ஊர் மூன்றுக்கும் கூப்பிட்டது. மூன்றில் ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

இரண்டு புகார்களும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டும் ஒரே பையனின் ஒரே வாத்தியத்தைப் பற்றியவை. டெசிபல் மீட்டர் வைத்து அளந்தால் இரண்டு வீட்டிலும் விழுந்த ஒலியில் அதிக வித்தியாசம் இருந்திருக்காது. இரண்டுக்கும் நண்பர் கண்டுபிடித்த பரிகாரமும் ஒன்றே: நிலவறை. நான் சம்மதித்தபோது என் மனசில் இருந்தவர் முதலாமவர். நண்பர் குழி தோண்டுவது யாருக்காக என்று நான் கேட்கவில்லை. நான் செய்த தவறு அதுதான்.

பிறன் தூக்கத்தை மதித்துக் கட்டும் சுவர் மரியாதை. பிறன் பேச்சுக்குக் கூசிக் கட்டும் சுவர் வெட்கம். இரண்டுக்கும் ஒரே செங்கல், ஒரே கனம். கட்டி முடித்தபின் சுவரைத் தட்டிப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டியவனுக்கே நாளடைவில் மறந்துபோகலாம். வெட்கத்தில் செய்ததை மரியாதை என்று பெயர் மாற்றிக்கொள்வதில் நமக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. 'நமக்கெதுக்கு வம்பு' என்பதை நாகரிகம் என்று சொல்லித்தான் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறோம்.

அப்படியானால் இரண்டையும் எப்படி இனம் காண்பது? கேட்பவன் பக்கமிருந்து பார்த்தால் ஒரு அடையாளம் தெரிகிறது. டீக்கடைக்காரர் வீட்டில் போன ஆவணியில் காதுகுத்து. கூம்புக் குழாய் இரண்டு நாள் பாடியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சட்டத்துக்கு எந்த ஒலியும் ஒலிதான். எண்ணிக்கை பார்க்கும், குலம் பார்க்காது. டீக்கடையில் பேசியவருக்கோ தம் குழாயின் ஒலி ஒலியாகவே படவில்லை. பையனின் ஸ்வரம் மட்டும் ஒலியாகிறது. அவரைத் தொந்தரவு செய்வது சத்தமல்ல. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. மேல் வரிசை வீட்டிலிருந்து அது வருவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அருப்புக்கோட்டைத் தறிக்காரத் தெருக்களில் நடந்தவர்களுக்கு இது தெரியும். குழித்தறியில் நெசவாளி கால்களைக் குழிக்குள் விட்டு, பாதி மண்ணுக்குள் உட்கார்ந்தபடி, காலைமுதல் இரவுவரை ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கிறான். விசைத்தறி வந்தபின் அந்த ஒலி பல மடங்காயிற்று. அதை யாரும் இரைச்சல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'தொழில்' என்பார்கள். சேலை என்ற பலன் கண்ணுக்குத் தெரிவதால் அதன் ஒலியை மன்னித்துவிடுகிறோம். சாதகத்துக்குப் பலன் பத்து வருஷம் கழித்து. அதுவும் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை அந்தப் பையனிடமிருந்து வெளியே வருவது தவறுகள் மட்டுமே.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். சாதகத்துக்குத் தெருவும் வேண்டாம், குழியும் வேண்டாம். வெட்டவெளி இருக்கிறதே என்று. சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் 1959-இல் கச்சேரிகளை நிறுத்திவிட்டு, 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய்ச் சாதகம் செய்தார். அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்ததும் ஒரு காரணம். பாலத்தில் ரயிலும் காரும் ஓடின. எவ்வளவு ஊதினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மரியாதையின் மிக அழகிய உதாரணம் இது. சுவரே இல்லாத மரியாதை.

இந்தக் கதையை நண்பரிடம் போனில் சொல்லி, கண்மாய்க் கரை இருக்கிறதே என்றேன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாத கண்மாய், சீமைக் கருவேலம் மண்டிய கரை, ஆளில்லாத வெளி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கய்யா அங்கதான் அண்ணாச்சி வாசிச்சுப் பழகினாரு. ஊருக்குள்ள வாசிக்க விடலைன்னு. அதே கரைக்கு எம் மகனையும் அனுப்பச் சொல்றீக."

நியூயார்க்கின் பாலம் ராலின்ஸுக்கு அவராகத் தேர்ந்துகொண்ட இடம். கண்மாய்க் கரை அந்தக் குடும்பத்துக்கு ஊர் ஒதுக்கிய இடம். வெட்டவெளி எல்லோருக்கும் ஒரே வெளியாக இருப்பதில்லை. உதாரணங்களை ஒரு மண்ணிலிருந்து பிடுங்கி இன்னொரு மண்ணில் நடும்போது வேரில் ஒட்டிவரும் மண்ணை நாம் பார்ப்பதில்லை. நான் பார்க்கவில்லை.

ஆனாலும் பழைய ஏற்பாட்டை வெறும் கொடுமை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கண்மாய்க் கரையிலிருந்தோ கோயில் மண்டபத்திலிருந்தோ வந்த அந்தச் சாதகத்தை ஊர் கேட்டது. கேட்க விரும்பாமலே கேட்டது. ஒரு பையன் ஒரே பிரயோகத்தில் ஆறு மாசம் தடுக்கி விழுவதை, ஏழாம் மாசம் ஒருநாள் விழாமல் கடந்து போவதை, மாடு மேய்த்தவனும் களை எடுத்தவளும் கேட்டார்கள். ராகத்தின் பெயர் தெரியாமலே அதன் கடினம் தெரிந்தவர்கள் அப்படி உருவானார்கள். பந்தல்குடிக்குத் தெற்கே இதே கரிசலில்தான் ராக ஆலாபனைக்குப் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) குடியிருந்தார். அவர்கள் கேட்கப்பட்டது சபாக்களில் மட்டுமல்ல. தற்செயலாகக் காதில் விழுந்தே தேர்ந்த செவிகள் இந்த மண்ணில் இருந்தன. முடிந்துபோன சங்கீதத்தை மட்டும் கேட்பவனுக்கு ரசனை வரலாம். அதன் விலை தெரியாது.

ஒலி புகாத அறைகள் பெருகப் பெருக, தவறுகள் உள்ளே தங்கிவிடும். கச்சிதங்கள் மட்டும் வெளியே வரும். கச்சிதம் வானத்திலிருந்து விழுந்தது என்று வெளியே இருப்பவன் நினைப்பான். அதற்குப் பெயர் பிறவி மேதைமை என்பான். அப்புறம் அவனுடைய பிள்ளை ஒரு வருஷம் தடுக்கினால் 'உனக்கு வராது' என்று வாத்தியத்தை வாங்கி வைத்துவிடுவான்.

உள்ளே இருப்பவனுக்கு நேர்வதையும் பார்க்கவேண்டும். நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்று பிறந்த வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்பவர்கள், தேரோடும் வீதியை மனசில் வைத்துத்தான் துளை போடுகிறார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில், கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, ஊதியது ஊதியவன் முகத்திலேயே வந்து அறையும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை செவி தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது வல்லுநர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு. இந்தக் கணக்கில் நூறு டெசிபலுக்குக் கால் மணிதான். ஆகவே பையன் தன்னையறியாமல் மூச்சை அடக்கி வாசிப்பான். அடக்கிய மூச்சே வழக்கமாகிவிட்டால், ஒருநாள் மேலே ஏறி வந்து வீதியில் நிற்கும்போது அவன் நாதம் நாலாவது வீட்டைத் தாண்டாது. இங்கேதான் கம்பளமும் பஞ்சும் நிஜமாகவே தேவைப்படுகின்றன. பக்கத்து வீட்டுக்காரனுக்காக அல்ல, பையனுக்காக.

நிசப்தத்துக்காகக் கட்டிய அறைகளின் சரித்திரமும் உற்சாகம் தருவதாக இல்லை. லண்டன் செல்ஸியில் கார்லைல், அண்டை வீட்டுச் சேவலிலிருந்தும் தெருச் சத்தத்திலிருந்தும் தப்பிக்க 1853–54-இல் மாடிக்கு மேல் இரட்டைச் சுவரில் ஒரு அறை கட்டினார். அருகிலிருந்த ஒலிகள் கொஞ்சம் அடங்கியதும் அதுவரை காதில் படாத தூரத்து ஒலிகள் கேட்க ஆரம்பித்தன. அறை தோல்வி. ஜான் கேஜ் 1951-இல் ஹார்வர்டில், எதிரொலியே இல்லாமல் செய்த ஒரு அறைக்குள் போனார். இரண்டு ஒலிகள் கேட்டன. ஒன்று உச்சம், ஒன்று மந்தரம். நரம்பு மண்டலமும் ரத்த ஓட்டமும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சுவர் எவ்வளவு கனத்தாலும், உள்ளே போகிறவன் தன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். நண்பரின் பையன் அந்த அறைக்குள் டீக்கடைப் பேச்சையும் எடுத்துக்கொண்டுதான் இறங்குவான். ஐம்பது டெசிபல் சுவர் அதைத் தடுக்காது. வெளியே கேட்டபோது அது ஒரு ஆளின் வாய்ச்சொல். உள்ளே அது அவனுடைய சொந்தக் குரலில் பேசும்.

பந்தல்குடிக்கு அதிக தூரமில்லாத திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், 1896-இல் திருவண்ணாமலைக்குப் போனபின் ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது நமக்குத் தெரியும். சிறுவர்களின் தொந்தரவு, கல்லெறி. உள்ளே இருட்டு, தொடையை அரித்த பூச்சிகள். அவர் நிலவறை அதுதான். ஆனால் அந்த மௌனத்துக்குக் கேட்பவன் தேவையில்லை. சங்கீதக்காரன் கதை வேறு. அவன் குழிக்குள் இறங்கும்போதே மேலே ஒரு செவியை எதிர்பார்த்து இறங்குகிறான். அந்தச் செவி இல்லையென்று ஆகிவிட்டால் அவன் செய்வது சாதகமல்ல, புதைவு.

இந்த இடத்தில் நம்மைப் பற்றிச் சொல்லாமல் நிறுத்துவது நேர்மையாகாது. இந்தப் பத்திரிகையும் ஒரு நிலவறைதான். சில நூறு பேர் எழுதி, அதே சில நூறு பேர் படிக்கிறோம். தடுக்கி விழுந்து எழுதிப் பழக ஒரு அறை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வணிகப் பத்திரிகைகளின் கூம்புக் குழாய்களுக்கு நடுவே அது இல்லாவிட்டால் நம்மில் பலர் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டோம். ஆனால் நம் சுவர் எதனால் ஆனது? மரியாதை, வெட்கம் இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இளப்பம். தெருவில் இருப்பவனுக்குச் செவியே கிடையாது என்ற முடிவில் கட்டிய சுவர். நண்பரைத் தெரு இழிவாகப் பேசியது. அவர் குழி தோண்டுகிறார். தெருவை நாம் இழிவாகப் பேசிக்கொண்டே குழிக்குள் இருக்கிறோம். அவர் கட்டும் அறையைவிட நம்முடையதுதான் விசாரணைக்குரியது. 'எழுத்து' நடத்திய செல்லப்பா புத்தக மூட்டையைத் தாமே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதை நாம் ஒரு தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லி முடித்துவிட்டோம். அறைக்குள் செய்ததை மேலே கொண்டுவரும் வேலை அது, அறை கட்டுவதைப் போலவே அதுவும் கடமை என்று எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

ஆக, என் பதிலை இப்படித் திருத்திக்கொள்கிறேன். சுவரைப் பார்த்து அதன் காரணத்தைச் சொல்ல முடியாது. கதவைப் பார்த்துச் சொல்லலாம். எப்போது மூடுகிறது, யாருக்காக மூடுகிறது, எப்போது திறக்கிறது. மரியாதைக்காகக் கட்டிய அறையின் கதவுக்கு நேரம் உண்டு. தூங்குகிறவன் எழுந்துவிட்டால் அது திறந்துவிடும். வெட்கத்தில் கட்டியதற்கு நேரமே கிடையாது. எந்நேரமும் மூடியே இருக்கும்.

இதை நண்பரிடம் இவ்வளவு வார்த்தைகளில் சொல்லவில்லை. நூற்பாலைக்காரரிடம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். கேட்டிருக்கிறார். "மூணு மணிக்கு முழிச்சிருவேன் அண்ணாச்சி. அதுக்கு மேல தம்பி வாசிக்கட்டும். கட்டில்ல கெடந்தபடி கேப்பேன்" என்றாராம். அடுத்த ஞாயிறு நான் போனபோது குழிக்கு அளவு வைத்து முளைக்கம்பு அடித்துக் கயிறு கட்டியிருந்தது. முற்பகலுக்கு அறை வேண்டும்தான் என்று நண்பர் சொன்னார். நானும் ஆமென்றேன். மூன்றரை மணிக்குப் பையன் நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டு வந்து, சீவாளியை நனைத்து, தெருத் திண்ணையில் உட்காரப் போனான். நண்பர் ஒரு கணம் எழுந்தார். எதிர்ச்சாரியில் டீக்கடை திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மறுபடி உட்கார்ந்துகொண்டார்.